நான்கு தங்கம் வென்றவர் துணைப் பயிற்சியாளராக நிற்பது ஏன்?

ஐஸ் ஹாக்கியில் ஒரு கோல் விழுந்தால் அதை அடித்தவர் பெயரில் ஒரு புள்ளி எழுதுகிறார்கள். அவருக்குப் ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டைக் கடத்திக் கொடுத்தவர் பெயரிலும் ஒரு புள்ளி எழுதப்படும். அதற்கும் முன்னால் அதே வட்டைக் கடத்தியவர் ஒருவர் இருந்தால் அவர் பெயரிலும் ஒன்று சேரும். அணியின் கணக்கில் ஒரே கோல்தான் என்றாலும், ஆட்டக்காரர்களின் கணக்கில் மூவருக்கும் சமமான பங்கு உண்டு. வியாசர்பாடியில் கால்பந்து ஆடி வளர்ந்த எனக்கு இது முதலில் தாராளம் மிகுந்த ஏற்பாடாகத்தான் தோன்றியது. நாங்கள் ஆடிய காலத்தில் கோல் போட்டவள் பெயர் மட்டுமே நோட்டில் ஏறும். இடது ஓரமாக மூச்சிரைக்க ஓடி, பந்தை நடுவில் தூக்கிப் போட்டவளின் பங்கு அவளைப் பெற்றவளுக்குக்கூடத் தெரியாது. (நான் ஆடிய இடம் இடது ஓரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இந்தக் கணக்கு முறையை நான் அறிந்துகொண்டது கனடாவைச் சேர்ந்த கரோலின் உவெலெட் என்ற ஆட்டக்காரரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோதுதான். 1979-இல் மாண்ட்ரியலில் பிறந்தவர். 2002, 2006, 2010, 2014 ஆகிய நான்கு குளிர்கால ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தங்கம் வென்றவர். 2023-இல் டொரொண்டோவில் உள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர். இவ்வளவுக்கும் பிறகு அவர் மாண்ட்ரியலின் கான்கார்டியா பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் பார்த்த வேலை துணைப் பயிற்சியாளர் வேலை. தலைமைப் பயிற்சியாளர் வேறொருவர். எங்கள் பகுதியில் கல்லூரிப் பெண்களின் கால்பந்து அணிக்கு மாலைப் பயிற்சியில் இரண்டாவது ஆளாக நின்று உதவிவரும் எனக்கு, உலகின் உச்சியில் நின்றவர் ஏன் இரண்டாவது இடத்துக்கு வந்தார் என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. படிக்கப் படிக்க, ‘வந்தார்’ என்று நினைத்ததே சரியான பார்வை அல்ல என்பதும், அவர் ஆடிய நாளிலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பதும் புலப்பட்டன.

உவெலெட் பதினேழு வயது வரை ஆண் பிள்ளைகளின் அணிகளில் ஆடியவர். பெண்களுக்கென்று போதிய அணிகள் அப்போது அங்கேயும் இல்லை. ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி நுழைந்ததே 1998-இல், ஜப்பானின் நாகானோ நகரில்தான். முதல் தங்கத்தை வென்ற பிறகு, 2002-இல் அவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள டூலுத் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். டூலுத் பெரிய ஏரிக்கரைத் துறைமுக ஊர். இரும்புத் தாது ஏற்றும் கப்பல்களுக்குப் பேர்போனது. 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் தாதுவும் கையாள்வது நிறுத்தப்படும் வரை, மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் கறுத்துப்போவதைப் பார்த்து வளர்ந்த ராயபுரத்துக்காரர்களுக்கு அந்த ஊரைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

டூலுத்தில் மூன்று பருவங்களில் 97 ஆட்டங்கள் ஆடிய உவெலெட் 229 புள்ளிகள் சேர்த்தார். அதில் அவர் அடித்த கோல் 92. அடுத்தவர் அடிப்பதற்காகக் கடத்திக் கொடுத்த கணக்கில் சேர்ந்தவை 137. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் என் பார்வையில் அவரது ஆட்டத்தின் இயல்பு. கோல் அடிக்கத் தெரியாதவர் 92 கோல் அடிக்க முடியாது. அடிக்கத் தெரிந்தும், தன்னைவிட நல்ல இடத்தில் ஒருத்தி நிற்கிறாள் என்று கண்ட நொடியில் அவளிடம் தட்டிவிடும் பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது.

அந்த முதல் பருவத்தின் முடிவில், 2003 மார்ச்சில், அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம் டூலுத்திலேயே நடந்தது. எதிரணி ஹார்வர்டு. குறித்த நேரத்தில் முடிவு வராமல், கூடுதல் நேரத்திலும் வராமல், இரண்டாவது கூடுதல் நேரத்தில் டூலுத் 4–3 என்று வென்றது. தோற்ற ஹார்வர்டு அணியில் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். சீன வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கப் பெண்ணான அவள் பெயர் ஜூலி சூ. ஓராண்டுக்கு முன் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் கனடா 3–2 என்று அமெரிக்காவை வீழ்த்தியபோதும் சூ தோற்ற பக்கத்தில், உவெலெட் வென்ற பக்கத்தில். 2010-இல் வான்கூவரில் 2–0. 2014-இல் ரஷ்யாவின் சோச்சியில் கூடுதல் நேரத்தில் 3–2. ஒருவரையே நான்கு இறுதி ஆட்டங்களில் எதிர்கொண்டு நான்கிலும் தோற்பது யாருக்கும் எளிதில் செரிக்கக்கூடிய சங்கதி அல்ல.

ஆனால் சூவை வெறும் தோற்றவராகப் பார்த்துவிடக் கூடாது. நான்கு ஒலிம்பிக்கில் மூன்று வெள்ளியும் ஒரு வெண்கலமும் பெற்றவர். 2007-இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கியின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாட்டி காஸ்மைர் விருதை வென்றவர். ஹார்வர்டில் அவர் சேர்த்த புள்ளிகள் 284. அதில் அடுத்தவருக்குக் கடத்திக் கொடுத்த கணக்கு மட்டும் 196. சோச்சி நிறைவு விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. அந்த 196 என்ற எண்ணைப் பார்த்தபோது, இவரும் உவெலெட்டும் ஒரே குணத்துக்காரர்கள் என்று எனக்குப் பட்டது.

சோச்சி இறுதி ஆட்டத்தைப் பதிவில் பார்ப்பதே ஒரு பாடம். உவெலெட் அந்த ஒலிம்பிக்கில் கனடா அணியின் தலைவர். போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அதுவரை தலைவராக இருந்த ஹேலி விக்கன்ஹைசருக்குப் பதிலாக அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. அதற்கு முன் 2013 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளரும் மாறியிருந்தார். இந்தக் குழப்பத்தோடு போன அணி, ஆட்டம் முடிய மூன்றரை நிமிடம்கூட இல்லாதபோது 0–2 என்று பின்தங்கி நிற்கிறது. ஒரு கோல் திருப்பியதும், கூடுதலாக ஒரு தாக்குநரை இறக்குவதற்காகக் கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொள்கிறார்கள். இது இந்த ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்ட, கடைசி நேரத்துத் துணிச்சல். காலியாகக் கிடந்த அந்தக் கோலை நோக்கி அமெரிக்க ஆட்டக்காரர் தொலைவிலிருந்து தட்டிய பக் வழுக்கிக்கொண்டே போய்க் கம்பத்தில் பட்டு விலகியது. சற்று நேரத்தில், ஆட்டம் முடிய 54.6 நொடி இருக்கும்போது மரி-பிலிப் பூலின் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலும் அவருடையதே. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பூலின் பெயரைத்தான் சொல்வார்கள், அது நியாயமும்கூட. தலைவரின் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

இனி, பயிற்சியாளர் வேலைக்கு வருகிறேன். ஆடிய காலத்திலேயே உவெலெட், சூ இருவரும் துணைப் பயிற்சியாளர்களாக இருந்ததற்கு ஆர்வம் மட்டும் காரணமல்ல, வயிற்றுப்பாடும் காரணம். கனடாவில் இருவரும் சேர்ந்து ஆடிய மாண்ட்ரியல் அணி இடம்பெற்றிருந்த பெண்கள் லீக், 2017 வரை ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கொடுத்ததில்லை. கொடுக்கத் தொடங்கிய இரண்டு பருவங்களில், 2019-இல், லீக்கையே மூடிவிட்டார்கள். ஒலிம்பிக் பதக்கம் வைத்திருப்பவர்களுக்கும் வேறு வேலை தேவைப்பட்டது. பனித்தளத்தை விட்டு விலகாமல் செய்யக்கூடிய வேலை கல்லூரியில் துணைப் பயிற்சியாளர் வேலைதான். உவெலெட் தாம் படித்த டூலுத்திலேயே அந்த வேலையைப் பார்த்தார். சூவும் 2007–08 பருவத்தில் அதே டூலுத்துக்குத் துணைப் பயிற்சியாளராகப் போனார், அந்தப் பருவத்தில் டூலுத் தேசியப் பட்டத்தை வென்றது. பிறகு அவர் நியூயார்க் மாநிலத்தில் யூனியன் கல்லூரியில் துணைப் பயிற்சியாளராக இருந்துகொண்டே, எல்லை தாண்டி மாண்ட்ரியல் அணிக்கும் ஆடினார். அந்தத் தொலைவு ஏறக்குறைய நமக்குத் திருச்சி எவ்வளவோ அவ்வளவு. வார நாளில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை வாரக் கடைசியில் தாமே ஆடிக் காட்ட வேண்டிய நிலை; சொல்வதற்கும் செய்வதற்கும் இடைவெளி விழ வாய்ப்பே இல்லை.

கான்கார்டியாவுக்கு முதலில் துணைப் பயிற்சியாளராக வந்தவர் உவெலெட். அதன் பிறகுதான் சூ அங்கே வந்தார். 2016-இல் தலைமைப் பொறுப்பு சூவிடம் வந்தது. இருவரும் வாழ்க்கைத் துணைவியர். குழந்தைகளோடு மாண்ட்ரியலில் வாழ்கிறார்கள். நான்கு இறுதி ஆட்டங்களில் தன்னை வென்றவரைத் துணையாக வைத்துக்கொண்டு, தான் தலைமையில் நிற்கும் அந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை என்பதை அவர்கள் அணியின் விளைச்சலே காட்டுகிறது. கான்கார்டியா பெண்கள் 2022-இலும் 2024-இலும் கனடாவின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசியப் பட்டத்தை வென்றார்கள்.

துணைப் பயிற்சியாளர் என்றால் தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக் கொடுப்பவர் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். ஐஸ் ஹாக்கியில் அந்த வேலையின் கனத்தை அறிய, பெஞ்சை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் போதும். பனித்தளத்தில் ஒரு அணிக்குக் கோல்கீப்பரையும் சேர்த்து ஆறு பேர். முழு வேகத்தில் சறுக்கி ஓடுவதால் ஒருவர் ஏறக்குறைய முக்கால் நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்பதில்லை. ஆட்டம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பவர் பெஞ்சுக்கு வந்துசேர, அடுத்தவர் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறார். மாற்றத்தின்போது ஓர் ஆள் அதிகமாக உள்ளே போய்விட்டால் இரண்டு நிமிடத் தண்டனை. பெரும்பாலான அணிகளில் தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்தின் போக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, தடுப்பாட்டக்காரர்களை மாற்றி அனுப்புவதைத் துணைப் பயிற்சியாளர் ஒருவர் ஏற்கிறார். பெஞ்சின் சிறு கதவைத் திறந்து மூடியபடியே, இப்போது வந்து உட்கார்ந்தவளின் காதருகில் குனிந்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அடுத்து இறங்க வேண்டியவளின் தோளைத் தட்ட வேண்டும். எதிரணியில் யார் இறங்குகிறார்கள் என்பதிலும் ஒரு கண் இருக்க வேண்டும். எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே அமரும் இரண்டு நிமிடத்தில் ஐவர் நால்வரை எதிர்த்து எப்படித் தாக்குவது, நமக்கு அதே நிலை வந்தால் நால்வர் ஐவரை எப்படித் தடுப்பது என்ற தனிப் பயிற்சிகளும், எதிரணியின் பழைய ஆட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுவதும் வழக்கமாகத் துணைப் பயிற்சியாளர்களின் பங்குக்கே வருகின்றன.

அந்த இரண்டு வார்த்தைதான் எல்லாவற்றிலும் கடினம் என்பது என் அனுபவம். தவறு செய்துவிட்டு வெளியே வரும் பெண்ணிடம் தலைமைப் பயிற்சியாளர் சொன்னால் அது கண்டிப்பாகக் கேட்கும். எங்கள் மைதானத்தில் அவர் ‘சார்’, நான் ‘அக்கா’. அவரிடம் சொல்லத் தயங்குவது என்னிடம் வந்துசேரும். எங்கள் பெண்களில் சிலர் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை நம்பி வாழும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். யாருக்காவது கணுக்கால் பிசகினால், மருந்துக்கடை ஐஸ் பேக்கை எதிர்பார்க்காமல், மீன் பெட்டியில் கொட்டும் ஐஸ் பாரிலிருந்து உடைத்த துண்டுகளை யார் வீட்டு ஆளாவது பாலித்தீன் கவரில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அதன்மேல் ஈரத் துண்டைச் சுற்றி வீக்கத்தில் வைத்துப் பிடிப்பேன். லேசாக மீன் வாடை அடிக்கும். முதல் சில நிமிடம் சுளீரென்று எரிந்து பிறகு மரத்துப்போகும். அப்படி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான், ஷூவின் அடிப்பாகம் பிளந்துபோனதை ஒட்டுப் போட்டு மறைத்து ஆடுவதையும், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருப்பதையும், இந்தப் பருவத்தோடு ஆட்டத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்பதையும் சொல்வார்கள். அடுத்த நாள் ஆட்டத்தில் அவளை எந்த இடத்தில் நிறுத்துவது என்று சார் முடிவு செய்யும்போது, இவற்றில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று பிரித்தறிவதும் என் வேலையில் சேர்ந்ததே.

வட சென்னைக்கு ஆசான் என்பது புதிதல்ல. குத்துச்சண்டையில் வாத்தியாரின் சொல்லுக்குப் பரம்பரையே கட்டுப்பட்டிருந்தது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டை காசிமாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆட்டோ ஓட்டுநரான அவருடைய தந்தை. ஆனால் இந்த மரபில் ஆசான் என்றால் ஒருவர்தான். அவருக்குப் பக்கத்தில் நின்று பாதி வேலையைச் சுமப்பவருக்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை. ஒரு போட்டியில் அணிப் பதிவுப் படிவத்தை நிரப்பும்போது பயிற்சியாளர், மேலாளர் என்ற இரண்டு கட்டங்களே இருந்தன. என்னை மேலாளர் என்று எழுதிக்கொடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

சோச்சி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை எங்கள் பெண்களுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கத்தும் கூட்டத்தையும், கண் பின்தொடர முடியாத வேகத்தில் போகும் பக்கையும் பார்த்து முதலில் சிரித்தார்கள், பிறகு பேச்சு நின்றுபோயிற்று. இந்தியாவில் இது உண்டா என்று ஒருத்தி கேட்டாள். உண்டு, லடாக்கில். இந்தியப் பெண்கள் அணி 2016-இல்தான் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் இறங்கியது. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று வீழ்த்தி முதல் வெற்றியைப் பெற்றது. 2018-இல் விக்கன்ஹைசரே லடாக்குக்கு வந்து அந்தப் பெண்களோடு ஆடிவிட்டுப் போனார். 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம். நம் ஊர்க்காரி எவளும் அதில் இல்லையா என்ற அடுத்த கேள்விக்கு, லே நகரத்துக் குளிரைக் கொஞ்சம் விவரித்ததே பதிலாகிவிட்டது.

“அக்கா, நாலு கோல்டு வாங்கினவங்க இன்னும் ஏன் ஹெட் கோச் ஆகல?” என்று கேட்டவள் எங்கள் கோல்கீப்பர். உவெலெட் கனடாவின் தேசிய அணியிலும் துணைப் பயிற்சியாளராக இடம்பெற்றார் என்பதை அவளுக்குச் சொன்னேன். அதே தேசிய அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்த கோரி செவெரி, அதற்கு முன்பு டொரொண்டோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்குத் துணைப் பயிற்சியாளராக 2016-இல் பொறுப்பேற்றவர். கனடாவில் ஆண்கள் பல்கலைக்கழக அணியொன்றுக்கு முழுநேரப் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்த முதல் பெண். இப்போது மாண்ட்ரியலின் தொழில்முறைப் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். ஆக, அந்த நாற்காலியிலிருந்து மேலே போவதற்கு வழி இருக்கிறது; போனவர்களும் இருக்கிறார்கள். கான்கார்டியாவில் உவெலெட் போகாததற்கு வழியின்மை காரணமல்ல என்பது மட்டும் எனக்குத் தெளிவு. 229-இல் 137 என்ற கணக்கைக் கொண்டவருக்கு, கோலுக்கு முந்தைய தொடுகையில் உள்ள ருசி தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்; இது என் ஊகம்தான், அவர் சொன்னதல்ல.

அவள் அதோடு விடவில்லை. “சம்பளம் எவ்ளோக்கா தருவாங்க?”

அவர்கள் ஆடிய காலத்தில் ஒன்றுமில்லை என்றதும் நம்ப மறுத்தாள். 2024 ஜனவரியில் தொடங்கிய புதிய தொழில்முறைப் பெண்கள் லீக்கில் முதல் பருவத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் 35,000 அமெரிக்க டாலர் என்று ஒப்பந்தமே போட்டார்கள். ஒவ்வோர் அணியிலும் ஆறு பேருக்காவது 80,000 டாலருக்குக் குறையக் கூடாது என்றும் அதில் இருந்தது. பெண்களுக்கு இது வெகுநாள் கழித்துக் கிடைத்த நியாயம். ஆனால் கோல்கீப்பர் உடனே கேட்டது நான் யோசித்திராத ஒன்று: ஆடியே சாப்பிட முடியும் என்றால், அவர்கள் எதற்காகக் கல்லூரிக்கு வந்து சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்? உண்மைதான். சூவையும் உவெலெட்டையும் இருபதுகளின் நடுவிலேயே பெஞ்சுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியதில் ஊதியமின்மைக்கும் பங்கு உண்டு. அந்தக் கட்டாயம் விலகிவிட்ட நிலையில், இனி வருகிறவர்கள் ஆடி ஓய்ந்த பிறகு, முப்பத்தைந்து வயதில்தான் முதன்முறையாகப் பயிற்சியாளர் ஆகக்கூடும். அதற்கு முன்பே அவர்கள் வேண்டுமென்றால் கல்லூரிகள் துணைப் பயிற்சியாளருக்கும் தக்க ஊதியத்தை எடுத்துவைத்தாக வேண்டும். எங்கள் மைதானத்தில் அந்தப் பேச்சு இன்னும் பஸ் கட்டணத்தைத் தாண்டவில்லை.